கம்பத்து ஜன்னலின் வெளிச்சக் கணக்கு

வீட்டுக்குள் செடி வளர்க்கச் சொல்லித் தருகிறவர்கள் முதலில் சொல்வது, 'தெற்கு ஜன்னல் ஓரமாக வையுங்கள்.' லண்டனுக்குச் சரி, டெல்லிக்கும் சரி. கம்பத்துக்குச் சரிவராது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நாள் முழுக்க நமக்கு வடபக்கமாகவே போகிறது. தெற்கு ஜன்னலில் அப்போது நேர் வெயிலே விழாது. வடக்கு ஜன்னலுக்காவது விழுமா என்றால், உச்சிவேளையில் சூரியன் தலைக்கு மேலே ஏறிவிடுவதால் சன்ஷேடு மறித்துக்கொள்ளும். மிஞ்சுவது காலை வெயிலும் மாலை வெயிலும்தான். அதிலும் நமக்குக் கை வைக்க ஆள் உண்டு. கிழக்கே மேகமலை, மேற்கே குமுளி மலை. பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமன நேரம் வருவதற்கு முன்பே மலை சூரியனை வாங்கிக்கொள்கிறது.

அதனால் திசையை விட்டுவிட்டு அளந்து பார்ப்பதே மேல் என்பது என் கட்சி. அளக்கக் கண் உதவாது. வெயில் கொளுத்தும் மொட்டை மாடியில் நண்பகலில் 1 லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். ராத்திரி ட்யூப்லைட் எரியும் கூடத்தில் 100, 200 இருந்தால் அதிகம். ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டு இடத்திலும் நாம் பேப்பர் படித்துவிடுகிறோம், ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வந்ததை வைத்துத்தான் அது சமைக்க வேண்டும்.

கைப்பேசியில் லக்ஸ் பார்க்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வெளிச்சத்தை உணரும் கண் பெரும்பாலும் திரைக்கு மேல்பக்கம், முன் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே பின்பக்கத்தைச் செடிக்குக் காட்டி, இலை இருக்கும் இடத்திலேயே திரையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். நம் நிழல் அதில் விழக் கூடாது. போனுக்குப் போன் எண் மாறும். ஒரே போனில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க அது போதும். ஜன்னல் திண்டில் 3,000 காட்டுகிற இடத்திலிருந்து உள்ளே நாலு எட்டு வைத்தால் 300 ஆகிவிடுவதைப் பார்த்தவர்கள் அப்புறம் டிவி ஸ்டாண்டில் துளசி வைக்க மாட்டார்கள்.

லக்ஸில் ஒரு கோளாறு உண்டு. அது மனிதக் கண்ணுக்காக ஏற்பட்ட அளவு. பச்சை ஒளிக்குக் கூடுதல் மதிப்புப் போடும், சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைத்துப் போடும். இலையோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை வருகிற ஒளித்துகள்களையெல்லாம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்கின் கீழ் போன் குறைவாகக் காட்டினால் செடி பட்டினி என்று அர்த்தமில்லை. சூரிய வெளிச்சமாக இருந்தால் லக்ஸை 54-ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு விழும் ஒளித்துகள் மைக்ரோமோல் கணக்கில் கிடைத்துவிடும்.

இதிலும் ஒரு நொடியின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. மழை எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பது ஒன்று, மழைமானியில் சாயங்காலம் எத்தனை மில்லிமீட்டர் சேர்ந்தது என்பது வேறொன்று. செடி பார்ப்பது இரண்டாவதை. திண்டில் 3,000 லக்ஸ் பத்து மணி நேரம் நின்றால் நாள் கணக்கு 2 மோல். மணி பிளான்ட் அதில் பிழைத்துக்கொள்ளும். மிளகாய் காய்க்க 20 மோலாவது வேண்டும். ஜன்னலில் மிளகாய் வைத்துப் பூ வரவில்லை என்று உரத்தைக் கொட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்குக்கு இதெல்லாம் புதிதல்ல, மீட்டர்தான் புதிது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியில் வரப்போகும் குலை, கவாத்துக்கு முன்பே மொட்டுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அந்த நேரத்தில் மொட்டின் மேல் வெளிச்சம் போதாவிட்டால் குலையாக வேண்டியது வெறும் பற்றுக்கம்பியாகச் சுருண்டுவிடும். பந்தலின் மேலே இலை மண்டிக் கண்ணுக்குச் செழிப்பாகத் தெரியும் தோட்டம் காய்ப்பில் ஏமாற்றுவதற்கு இது ஒரு காரணம். எனக்குத் தெரிந்த ஆனைமலையன்பட்டி விவசாயி பந்தலை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. உச்சிவேளையில் உள்ளே போய்த் தரையைப் பார்ப்பார். வெயில் பொட்டுப் பொட்டாகச் சிதறிக் கிடக்க வேண்டும். ஒரே இருட்டாகக் கிடந்தால் இலை கிள்ள ஆள் விடுவார்.

மேலே ஏலத் தோட்டங்களில் இன்னும் நுணுக்கம். ஏலத்துக்கு முழு வெயிலும் ஆகாது, முழு நிழலும் ஆகாது. மே மாதம், தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன், நிழல் மரங்களின் கொப்புகளைக் கழித்துவிடுவார்கள். மேகம் மூடிய மாதங்களில் கிடைக்கிற சொற்ப வெளிச்சமாவது செடிக்கு இறங்கட்டும் என்று. கோடை வருவதற்குள் மரம் மறுபடி தழைத்து நிழல் கொடுத்துவிடும்.

வீட்டிலும் பருவமழை இறங்கியதும் மறுபடி அளக்க வேண்டும். மார்ச்சில் குறித்து வைத்த எண் ஜூலையில் செல்லாது. குமுளிப் பக்கமிருந்து மேகம் இறங்கிவிட்டால் வெட்டவெளியிலேயே 1 லட்சம் இருந்த இடம் 10,000, 20,000 என்று படுத்துவிடும். அப்போது வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றைச் செடிக்குக் கிட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடலாம். கூரையில் மாட்டினால் பிரயோசனமில்லை. சின்ன பல்பு தூரத்தில் இரண்டு மடங்கு போனால் வெளிச்சம் கால்வாசிதான். ஒரு முழத்துக்குள் இருந்தால்தான் கரண்டு பில்லுக்கு மரியாதை.