காது கொடுக்காத ரசிகன்

ஒரே பாட்டுக்காக இரண்டு கட்சியிலும் நின்று சண்டை போட்டவன் நான். முதலில் அது குப்பை என்று வாதாடினேன். கொஞ்ச காலம் கழித்து, அதைக் குப்பை என்பவர்களுக்கு இசையே தெரியாது என்று வாதாடினேன். இரண்டு சமயத்திலும் அந்தப் பாட்டை நான் ஒழுங்காகக் கேட்டிருக்கவில்லை. இத்தனைக்கும் அது மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு.

பாடியது மியூஸ். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டின்மத் என்ற கடலோர ஊர்க்காரர்கள். மொத்தமே மூன்று பேர்: கிட்டாரும் பியானோவும் வாசித்துப் பாடும் மாத்யூ பெல்லமி, பேஸ் கிட்டாருக்கு கிறிஸ் வோல்ஸ்டன்ஹோம், டிரம்ஸுக்கு டொமினிக் ஹோவர்ட். 2015 ஜூனில் அவர்களுடைய ஏழாவது ஆல்பம் 'ட்ரோன்ஸ்' வந்தது. அமெரிக்கப் பட்டியலில் அவர்கள் முதலிடம் பிடித்தது அந்த ஆல்பத்தில்தான். மறு வருஷம் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமியும் அதற்குக் கிடைத்தது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு ஆளில்லா விமானத்தை ஏவி ஆளைக் கொல்கிற போரும், மனிதனையே அப்படி ஏவப்படும் கருவியாக்கிவிடுகிற அதிகாரமும்தான் ஆல்பத்தின் சங்கதி.

என் பிழையைச் சொல்வதற்கு முன் மியூஸ் ரசிகர்களுக்கு ஆல்பத்தின் கடைசிப் பாட்டு என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். 2001இல் வந்த 'ஆரிஜின் ஆஃப் சிமெட்ரி' தேவாலய ஆர்கன் முழங்க முடிந்தது. 2006 ஆல்பத்தின் கடைசியில் 'நைட்ஸ் ஆஃப் சிடோனியா'. அது தொடங்கினால் மைதானமே குதிக்கும். 2009இல் மூன்று பாகமாக ஒரு சிம்பொனி. ஆக, இவர்கள் கடைசியில் ஏதோ பெரிதாகச் செய்வார்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை, கொஞ்சம் மூடநம்பிக்கையும்கூட. 'ட்ரோன்ஸ்' ஆல்பத்தில் அந்தப் பெரிய சமாசாரம் கடைசிக்கு முந்தைய பாட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. 'தி குளோபலிஸ்ட்', பத்து நிமிடப் பாட்டு. கௌபாய் படத்தில் வருவதுபோல் சீட்டியடித்துத் தொடங்கி, நடுவில் கிட்டாரால் அடித்து நொறுக்கி, கடைசியில் இசையமைப்பாளர் எல்கரின் 'நிம்ராட்' மெட்டைப் பியானோவில் எடுத்து அழவைக்கும். பழைய 'சிட்டிசன் இரேஸ்டு' பாட்டின் தொடர்ச்சி இது என்று முன்கூட்டியே பேச்சு அடிபட்டதால் ரசிகர்கள் தவம் கிடந்தார்கள். வந்தது, கேட்டோம், கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்த இடத்தில் ஆல்பம் முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் ஏராளம்.

முடியவில்லை. ஆல்பத்தின் பெயரையே தாங்கிய இன்னொரு பாட்டு வந்தது. கிட்டார், டிரம்ஸ் எதுவும் இல்லை, வெறும் குரல்கள். ஒரு குரல் தனியாக எழும்ப, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று கிறிஸ்தவத் திருப்பலியில் பாடுவதுபோல் அடுக்கிக்கொண்டே போகிறது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள் என எல்லோரும் ஆளில்லா விமானத்துக்குப் பலியானதை அந்தக் குரல்கள் சொல்கின்றன. ஆமென் போட்டு முடிக்கிறார்கள்.

ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். ஒரு சாரார் சிரித்தார்கள். இவ்வளவு புனிதமான ராகத்தில் 'ட்ரோன்ஸ், ட்ரோன்ஸ்' என்று இழுத்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பெல்லமியின் தலைக்கனம் எல்லை மீறிவிட்டது, இது பாட்டே இல்லை, ஆல்பத்தின் ஒட்டுவால் என்றார்கள். மறு சாரார் மயிர்க்கூச்செறிந்தது என்றார்கள். அத்தனை இரைச்சலுக்கும் பிறகு கருவிகள் எல்லாம் செத்துப்போய் ஆவிகள் மட்டும் பாடுவதுபோல் இருக்கிறது, இதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது என்றார்கள். 'குளோபலிஸ்ட்' முடிந்த கையோடு இதைக் கேட்டால்தான் புரியும் என்று அவர்களுக்குள் ஒரு பிரிவு வேறு.

நான் சிரித்தவர்கள் பக்கம். ஏன்? என் கூட்டாளிகள் அங்கே இருந்தார்கள். அவர்கள் அடித்த கிண்டல் நன்றாக இருந்தது, நானும் ரெண்டு சேர்த்து அடித்தேன். உண்மையில் முதல் தடவை அந்தப் பாட்டு வந்தபோது சில விநாடிகள் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தள்ளினேன். அடுத்தது இல்லாததால் ஆல்பம் முதல் பாட்டுக்குப் போய் நின்றது. அதற்குப் பிறகு அது வந்தாலே விரல் தானாக நகரும். ஆனால் பேச்சில் மட்டும் அந்தப் பாட்டை வரிக்கு வரி ஆய்வு செய்தவன் தோரணை.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சித்தி மகன் ஒருத்தன் கல்லூரியில் சேர்ந்த புதிதில் "நல்ல ராக்கா இருந்தா ஏத்திக் குடுண்ணே" என்று பென்டிரைவ் நீட்டினான். இந்த ஆல்பத்தை ஏற்றியவன் கடைசிப் பாட்டை மட்டும் அழித்துவிட்டுக் கொடுத்தேன். அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கு நல்லதுதானே செய்கிறோம் என்றுதான் அப்போது நினைப்பு. ஒரு பையன் முதன்முதலாக ஒரு குழுவைக் கேட்கப்போகிறான். அவன் எதைக் கேட்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவுசெய்ய எனக்கு யார் உரிமை கொடுத்தது? வருஷக்கணக்கில் அவனுக்கு அந்த ஆல்பம் 'குளோபலிஸ்ட்'டோடு முடிந்துதான் போயிருந்தது.

பிறகு கட்சி மாறினேன். அதற்கும் காரணம் காது அல்ல. அந்தப் பாட்டின் மெட்டு பெல்லமியுடையது இல்லை, பாலெஸ்த்ரீனா என்ற இத்தாலியரின் 'போப் மார்செல்லஸ் திருப்பலி'யில் வரும் சாங்க்டுஸ், பெனடிக்டுஸ் பகுதிகளிலிருந்து எடுத்தது என்று தெரியவந்தது. பாலெஸ்த்ரீனா என்றால் சும்மா இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் ரோமில் போப்பின் பாடகர் குழுவிலேயே பாடியவர். ஐரோப்பாவில் பல குரல்களை ஒன்றோடொன்று இழைக்கும் கலையைக் கற்றுக்கொள்கிறவர்கள் பல தலைமுறையாக அவரை முன்மாதிரியாக வைத்துத்தான் கற்றார்கள். அவருடைய அந்தத் திருப்பலி இசை அச்சானது 1567இல். அதன் பெயரில் உள்ள இரண்டாம் மார்செல்லஸ் 1555இல் மூன்று வாரம்தான் போப்பாக இருந்தார், அதற்குள் இறந்துவிட்டார். அந்தக் கொஞ்ச நாளில் புனித வெள்ளியன்று தன் பாடகர்களைக் கூப்பிட்டு, வழிபாட்டில் பாடும் வார்த்தைகள் கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்று அவர் அறிவுறுத்தியதாகப் பதிவு இருக்கிறது.

இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. குரல்கள் பின்னிப் பிணைந்து வேத வார்த்தை விளங்காமல் போகிறதே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்தில் புகார் எழுந்ததாம். பல குரல் இசையையே தடைசெய்துவிடுவார்கள் போலிருந்ததாம். பாலெஸ்த்ரீனா இந்தத் திருப்பலியை இசையமைத்துக் காட்டி அந்தக் கலையைக் காப்பாற்றினாராம். இதை வைத்து ஜெர்மன் மொழியில் ஓர் ஓபராவே வந்திருக்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் இதில் பெரும்பகுதியைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், கட்டுக்கதையைத்தான் சொன்னேன். வாதத்தில் ஜெயிப்பதற்கு அதுதான் உதவியது.

யாராவது அந்தப் பாட்டைக் குறை சொன்னால் போதும், "பாலெஸ்த்ரீனா தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். பெரும்பாலும் தெரியாது என்பார்கள். அந்த 'தெரியாது'க்காகத்தான் கேட்பதே. என்னோடு சேர்ந்து சிரித்த பழைய கூட்டாளியையே ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் மடக்கினேன். அவன் முகம் சுருங்கியது. எனக்குச் சாப்பாடு ருசித்தது. மூலத் திருப்பலியை லத்தீனில் ஒரு தடவை ஓடவிட்டிருந்தேன், பின்னணியில், வேறு வேலை பார்த்துக்கொண்டே. பெல்லமியின் பாட்டை அப்போதும் முழுசாகக் கேட்கவில்லை. மாட்டிக்கொள்ளாமலே போயிருப்பேன், எங்கள் அலுவலகத்தில் அந்த அக்கா இல்லாவிட்டால்.

அக்கா பாளையங்கோட்டைக்காரர். சிறு வயதிலிருந்து சர்ச் கொயரில் ஆல்டோ. ஐரோப்பிய மரபில் நாலு குரலில் பாடும் பழக்கம் நம்மூர் தேவாலயங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. டானிக் சோல்ஃபா புத்தகத்தை வைத்துக்கொண்டு சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று தனித்தனியாகப் பயிற்சி எடுப்பார்கள். இது தெரிந்திருந்தும், அவரிடம் போய் நான் பல குரல் இசை என்றால் என்ன என்று வகுப்பெடுத்தேன். போப், பொதுச்சங்கம், எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, இயர்போனைக் கொடுத்தேன்.

அவர் கண்ணை மூடவில்லை, உருகவும் இல்லை. மேஜைமேல் ஒரு விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். ஓர் இடத்தில் தட்டுவது நின்றது. "என்னப்பா, எல்லாத்தையும் ஒரே ஆளுல்லா பாடுதான்?" என்றார்.

"இல்லக்கா, கொயர் வச்சுப் பாடினது" என்றேன், சற்றும் தயங்காமல்.

"போ. எல்லாருக்கும் ஒரே வாயி. இந்த 'ஓ' சத்தத்தைக் கேளு. மேல பாடுறவனுக்கும் கீழ பாடுறவனுக்கும் ஒரே 'ஓ'. அப்படி எந்தக் கொயரும் பாடாது. நாங்க அந்த 'ஓ'வை ஒண்ணாக்கத்தான் வாரக்கணக்கா உயிரை விடுவோம்."

அவர் சொன்னதுதான் சரி. பெல்லமி அத்தனை குரலையும் தானே பாடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கிறார். உச்சக் குரல்களுக்குத் தன் கள்ளக்குரலைப் பயன்படுத்தியிருக்கிறார். பல வருஷமாக அவருடைய குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அடையாளம் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவன். அந்தக் குரல் பல மடங்காகப் பெருகி வந்து நின்றபோது தெரியவில்லை. மியூஸை அதற்கு முன் கேட்டே இராத ஒருவர் ஒரே கேட்பில் பிடித்துவிட்டார்.

எப்படிக் கேட்பது என்றும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்க்காதே. ஏதாவது ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதன் பின்னாலேயே போ, மற்றவை தானாக வந்து சேரும் என்றார். பிரதானமாக ஒரு மெட்டு, பின்னால் பக்கவாத்தியம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது சுலபமாக இல்லை. மேல் குரல் அடிக்கடி என்னைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கீழ்க்குரலை விடாமல் பிடித்தபோதுதான், மற்ற குரல்கள் அதன்மேல் வந்து சாய்கிற இடங்கள் தெரிந்தன.

முழுசாகக் கேட்ட பிறகு என் கருத்து என்னவென்றால், தொடக்கம் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. விறைப்பாக இருக்கிறது. பாலெஸ்த்ரீனாவின் மூலத்தில் பெரும்பாலான பகுதிகள் ஆறு குரலுக்கு எழுதியவை. ஆறு வெவ்வேறு தொண்டைகள் உரசிக்கொள்வதில்தான் அதன் இளக்கம். இங்கே அது இல்லை. ஆனால் குரல்கள் சேரச் சேர, செத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆளின் குரலில் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. ஒருவனே எல்லா இடத்திலும் இருக்கிறான், ஆனால் எங்கும் ஆள் இல்லை. இந்த ஆல்பத்துக்கு அது பொருந்துகிறது. பெல்லமி யோசித்துச் செய்தாரா, எல்லாவற்றையும் தானே பாடிவிட வேண்டும் என்ற ஆசையில் அப்படி அமைந்துபோனதா? ரெண்டும் பாதிப் பாதி என்று என் சந்தேகம்.

சிரித்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வார்த்தை தெளிவாகக் கேட்பதற்காகப் பெயர் பெற்றது பாலெஸ்த்ரீனாவின் அந்த இசை. இங்கே சங்கடமே வார்த்தை தெளிவாகக் கேட்பதுதான். லத்தீனில் ஓடியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆகவே மகத்தானது என்று தலையாட்டினேன். அதே மெட்டில் ட்ரோன் என்று தெளிவாகக் காதில் விழுந்ததும் கூச்சப்பட்டேன். மியூஸின் 2015, 2016 சுற்றுப்பயணத்தில் இந்தப் பாட்டின் பதிவை ஓடவிட்டுத்தான் கச்சேரியைத் தொடங்கினார்கள். கூட்டத்தின் தலைக்குமேல் பெரிய பந்துகள் மிதக்க, அரங்கத்தின் நடுவில் மேடை. அந்தக் காட்சியோடு பார்க்கும்போது எனக்குக் கூச்சம் தெரியவில்லை. வெறும் பாட்டாகக் கேட்டால் இன்றும் லேசாகத் தெரிகிறது.

கல்யாண வீட்டில் மடக்கிய நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அந்தச் சம்பவத்தையே மறந்திருந்தான், அல்லது மறந்த மாதிரி இருந்தான். சித்தி மகனிடம் நடந்ததைச் சொல்லி, அழித்த பாட்டை அனுப்பிவைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான். "படம் முடிஞ்சு பேர் ஓடுற மாதிரி இருக்குண்ணே, இதுக்கா இவ்ளோ பண்ணே?"

"டேய், அது பாலெஸ்த்ரீனா" என்று ஆரம்பித்துவிட்டேன்.