நடு அறைக்கு வந்த காற்று

நம் வீட்டின் நடு அறைக்குச் சென்ற சித்திரை வரை மின்சாரம் நுழைந்ததில்லை. காயல்பட்டினத்து நீண்ட வீடு அது. நடு அறைக்குச் சன்னல் கிடையாது. மேலே மரக்கட்டைகள் தாங்கிய மச்சு. நம் உம்மா அங்கேதான் உறங்குவார்கள். வயது 82. ஓலை விசிறி போதும் என்று, நாம் கேட்கும்போதெல்லாம் மறுத்து வந்தார்கள். அது போதவில்லை என்பது, கோடையின் ஓரிரவு அவர்கள் வியர்வையில் நனைந்து மயங்கிக் கிடந்தபோதுதான் நமக்குத் தெரிந்தது. ஐம்பதைக் கடந்த மகனுக்கு அதைவிட வெட்கம் வேறு வேண்டுமோ?

விசிறியை அரபியில் மிர்வஹா என்பர். காற்றைக் குறிக்கும் ரீஹ், உயிரைக் குறிக்கும் ரூஹ், இளைப்பாறுதலைக் குறிக்கும் ராஹத் ஆகியனவும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஆண்டுதோறும் மாணவர்க்கு இதைச் சொல்லிக்கொடுத்த நாம், அந்த இரவில்தான் அதன் பொருளைக் கற்றோம்.

மின்வேலைக்கு வந்த தம்பி, சிறு வயதில் நம்மிடம் ஓதியவர். நம் கணக்கு எளியது. அடுத்த அறை விளக்குக் கம்பியிலிருந்து இரண்டு கம்பி இழுத்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். சாதாரணக் கூரைவிசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும். 230 வோல்ட்டில் அது ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். பழைய கம்பி அதைத் தாங்காதா?

"தாங்கும், உஸ்தாது. ஆனால் அந்தக் கம்பியோடு எர்த் வரவில்லையே" என்றார்.

விசிறி ஓடும்போது எர்த் கம்பி என்ன வேலை செய்கிறது என்று கேட்டோம். ஒன்றுமில்லை என்றார். மோட்டாரின் உள்ளே சுருளின் காப்பு என்றேனும் பழுதானால், இரும்பு உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். துடைக்கக் கை வைத்தவர் வழியே அது தரைக்கு இறங்கும். எர்த் இருந்தால் அதன் வழியே இறங்கும். அந்த ஒரு நாளுக்காக அக்கம்பி ஆயுள் முழுதும் சும்மா இருக்குமாம்.

சும்மா இருப்பதற்கா இத்தனை செலவு என்று நாம் முனகியது அவர் காதில் விழுந்துவிட்டது. "ஒரு ஷத்தை விட்டதற்காக என்னை ஏழு நாள் ஒரே வரியில் நிறுத்தினீர்களே, உஸ்தாது" என்றார். நாம் வாய் திறக்கவில்லை.

பின்னர் நடந்தது அவர் இஷ்டம். வாசலிலுள்ள மெயின் போர்டிலிருந்தே சிவப்பு, கறுப்பு, பச்சை என மூன்று கம்பிகள் புதிதாக வந்தன. சுண்ணாம்புச் சுவரைக் குடைந்தால் உதிரும் என்று பிளாஸ்டிக் குழாயைச் சுவரின்மேலேயே ஓட்டினார். பார்வைக்கு அழகில்லை, இன்றும் நமக்கு அது உறுத்தல்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை அறுக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் ஏறியது. விசிறியின் சுவிட்ச் சிவப்புக் கம்பியில்தான் இருக்க வேண்டுமாம். கறுப்பில் வைத்தால், நிறுத்திய பின்னும் விசிறிக்குள் மின்சாரம் காத்திருக்கும்.

மச்சின் நடுக்கட்டையில் கொக்கி மாட்டச் சொன்னோம். அவர் திருப்புளியால் குத்திப் பார்த்தார். அது அரையங்குலம் உள்ளே இறங்க, கரையான் அரித்த மாவு பொலபொலவெனக் கொட்டியது. அதற்கு நேர் கீழேதான் உம்மாவின் கட்டில் கிடந்தது! நமக்கு வேர்த்துவிட்டது.

ஒன்றரை அடி தள்ளியிருந்த கட்டை கல்லைப்போல் இருந்தது. அதைச் சுற்றி இரும்புப் பட்டை வளைத்துப் போல்ட் முடுக்கினார். விசிறி நாலைந்து கிலோதானே என்றோம். "நிற்கும்போது அவ்வளவுதான், சுழலும்போது ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும்" என்று சொல்லிக் கொக்கியைப் பிடித்துத் தாமே தொங்கிக் காட்டினார். இறக்கைகள் தரையிலிருந்து ஏழடிக்குக் குறையாமலும், மச்சிலிருந்து ஓரடியேனும் விலகியும் நின்றன. மச்சை ஒட்டினால் காற்றிறங்காது. அதிர்வில் திருகு கழன்றாலும் போல்ட் வெளியேறாதபடி, பிளவுபட்ட சிறு ஊசி ஒன்றைக் கடைசியாகச் செருகினார். அதை இருமுறை தொட்டுப் பார்த்த பின்னரே ஏணியை விட்டு இறங்கினார்.

உம்மாவின் கட்டிலை விசிறிக்குக் கீழே நகர்த்தினோம். முதலிரவு இரண்டாம் வேகத்தில் வைத்துவிட்டு, வாசற்படியருகே பாயை விரித்து நாமும் படுத்தோம். நள்ளிரவில் உம்மா அழைத்தார்கள். பதறி எழுந்தோம்.

"குளிருது வாப்பா, அந்தப் போர்வையை எடு" என்றார்கள்.