பழனிச்சாமிக்கு வந்த உபகாரச் சம்பளம்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, நம் பல்கலைக்கழக நூல் நிலையத்தின் வட்டக் கூடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள திரு. பழனிச்சாமி அவர்களுக்கு" என்று அது தொடங்கியது. அயல்நாட்டில் நடக்கவிருந்த நூலகர் மகாநாடு ஒன்றில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருப்பதாகவும், மாணவர்களுக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து விமானக் கட்டணமும் ஐந்து நாள் தங்கும் செலவும் தரத் தீர்மானித்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. பழனிச்சாமி என்பவர் நான் அல்லேன், என் தந்தையார்.

இரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். "அப்பா, உங்க பேருக்கு வெளிநாட்டிலிருந்து உபகாரச் சம்பளம் வந்திருக்குதுங்க" என்றேன்.

"எனக்கா? எட்டாவதோட நின்னவனுக்கு எதுக்குக் கண்ணு அதெல்லாம்? நல்லா விசாரிச்சுப் பாரு" என்றார்.

விஷயம் இதுதான். என் பெயர் செல்வராசு. இனிஷியல் 'ப'. நம் ஊரில் இதற்கு மேல் ஒருவனுக்குப் பெயர் வேண்டியதில்லை. ஆனால் அந்த மகாநாட்டு விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று சொந்தப் பெயருக்கு. மற்றொன்று குடும்பப் பெயருக்கு. இரண்டாவது கட்டத்தில் ஓர் எழுத்தை மட்டும் இட்டால் கணினி ஒப்புக்கொள்ளவில்லை. காலியாக விட்டாலோ அடுத்த பக்கத்துக்கே போக விடவில்லை. அன்று கடைசி நாள். நள்ளிரவுக்கு அரை மணி நேரம் இருந்தது. அவசரத்தில் தந்தையாரின் பெயரை முழுதாக எழுதி அனுப்பிவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அனுப்பிய கட்டுரையே தமிழர் பெயர்களை நூற்பட்டியலில் எப்படிப் பதிவது என்பதைப் பற்றியதுதான்!

'புத்தகத்தை அடுக்கிவைக்க எம்.ஏ. வரைக்கும் ஒரு படிப்பா?' என்று விடுதியில் கேட்கும் நண்பர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். நூலகத்துக்கு வருபவர் ஆசிரியர் பெயரைத்தான் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பார். அந்தப் பெயரில் எந்தச் சொல்லை முன்னே வைத்து அடுக்குவது என்பது முதற் கேள்வி. ஆங்கிலேயருக்குச் சிரமம் இல்லை. கடைசிச் சொல் குடும்பப் பெயர், அதை முன்னே கொண்டுவந்தால் தீர்ந்தது. நமக்கு அப்படியா? ஸ்ரீனிவாச ராமானுஜன் என்பதில் ஸ்ரீனிவாசன் அவருடைய தந்தையார். கும்பகோணத்தில் புடவைக் கடைக் கணக்கராக இருந்தவர். சி. வி. ராமனுக்கோ பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். அது இரண்டாகப் பிரிந்து பாதி 'வி' என்ற எழுத்தில் ஒடுங்கிவிட்டது. எஸ். ஆர். ரங்கநாதனின் 'எஸ்' சீகாழி என்ற ஊர். 'ஆர்' தந்தையார் ராமாமிர்தம். ஒருவரின் எழுத்து ஊர், இன்னொருவரின் எழுத்து தகப்பனார், மூன்றாமவரின் எழுத்து அவருடைய பெயரிலேயே ஒரு துண்டு! இதைத் தெரியாத ஒருவர் பட்டியல் செய்தால், தேடுபவருக்குப் புத்தகம் கிடைக்காது; அலமாரியில் இருந்தும் இல்லாததுதான்.

1961ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸ் நகரில், யுனெஸ்கோ கட்டடத்தில், 53 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி நூற்பட்டியல் விதிகளைப் பற்றி விவாதித்தார்கள். ஒருவருடைய பெயரில் எந்தச் சொல் முன்னே வரவேண்டும் என்பதைக் கூடியவரை அவர் எந்த நாட்டுக் குடிமகனோ அந்த நாட்டு வழக்கே முடிவு செய்யவேண்டும் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். பார்வைக்குச் சிறிய விஷயம். ஆனால் உ. வே. சாமிநாதையர் இன்று உலகத்தின் பெரிய நூலகங்களில் சாமிநாதையராகவே கிடைக்கிறார் என்றால், இப்படிப்பட்ட விதிகளுக்கும் அதில் பங்கு உண்டு. மகாநாடு என்றால் பொன்னாடையும் மத்தியான விருந்தும் என்று நினைத்திருந்த எனக்கு, இதைப் படித்த பிறகுதான் போகவேண்டும் என்ற ஆசையே பிறந்தது. (பொன்னாடையும் விருந்தும் இல்லை என்று நான் சொல்லவில்லை.)

சரி, என் கதைக்கு வருகிறேன். கடிதத்தின் பிற்பகுதியை மறுநாள் நிதானமாகப் படித்தேன். டிக்கெட்டை நானே வாங்கவேண்டும். மகாநாடு முடிந்த பிறகு ரசீதைக் காட்டினால் பணம் திருப்பித் தரப்படும் என்று இருந்தது. நண்பர்களே, உதவித் தொகை என்று விளம்பரம் பார்த்ததும் துள்ளிக் குதிக்காமல் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். பணம் இல்லாதவனுக்குத் தருகிற உதவியைப் பெற, முதலில் பணம் உள்ளவனாக இருக்கவேண்டும் என்பது எந்த ஊர் நியாயமோ!

இதை நம் சங்கத்தில் ஒருவரிடம் புலம்பினேன். அவர் யாரிடம் சொன்னாரோ, மூன்றே நாளில் பதினோரு பேர் சேர்ந்து தொகையைத் திரட்டிவிட்டார்கள். அவர்களில் இருவர் தங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்தையே கொடுத்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பணம் என் கணக்கில் பதினாறு நாள் இருந்தது.

டிக்கெட் வாங்குவதற்கு முன் தாள்களை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பாஸ்போர்ட்டில் 'செல்வராசு பழனிச்சாமி'. பட்டச் சான்றிதழில் 'செல்வராசு ப'. துறையில் கொடுத்த மாணவர் சான்றிதழில் 'ப. செல்வராசு'. வங்கிப் புத்தகத்தில் வெறும் 'செல்வராசு'. நான்கு பேரும் ஒருவரே என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஒரு வாரம் கெடு.

காசியில் நீதிமன்ற வட்டாரத்தைக் கச்சஹரி என்பார்கள். நம் ஊரில் கச்சேரி என்றால் சங்கீதம்; இங்கே வேறு விதமான சங்கீதம். முத்திரைத் தாள் வாங்கி, நான்கு பெயரையும் சொல்லி, அஃபிடவிட் எழுதித் தரக் கேட்டேன். எழுதினார்கள். வெளியே வந்து பார்த்தால் 'செல்வராஜ்' என்று இருந்தது. நால்வர் ஐவரானோம். திருத்தி வாங்குவதற்குள் ஹோலிப் பண்டிகை வந்துவிட்டது. ஹோலி சமயத்தில் இந்த ஊரில் எந்த அலுவலகம் திறந்திருக்கும்? சாயம் பூசிய முகத்தோடு அறையில் கிடந்தேன். பண்டிகை முடிந்து தாளை வாங்கி அனுப்பியபோது கெடு தாண்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. காத்திருந்தோர் வரிசையில் அடுத்தவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டதாகவும், வருந்துவதாகவும் பதில் வந்தது. அந்தப் பதிலும் திரு. பழனிச்சாமிக்குத்தான்.

பதினோரு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த சில வாரங்கள் எனக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. அந்த வட்டக் கூடத்தில் வெறுமே உட்கார்ந்திருப்பேன். அந்தக் கட்டடம் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் கொடையால் 1941இல் எழுந்தது. அதே மன்னரின் உபகாரச் சம்பளத்தில்தான் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 1945 முதல் 1947 வரை இங்கே நூலகராக இருந்தவர் ரங்கநாதன். அவர் 1924ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பதவி ஏற்றபோது நூலகக் கலையில் பயிற்சி பெற்றவர் அல்லர், கணித ஆசிரியர். பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ உருவங்கள் செய்யலாம். நூல்களின் பொருளையும் அப்படிப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு வித்து அதுதான். அந்தப் பிரயாணத்துக்குப் பணம் கிடைக்காமல் போயிருந்தால்? அவர் கணித வகுப்புக்கே திரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் அவர் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, தம் மனைவி சாரதா பெயரில் நூலக இயல் பேராசிரியர் பதவி ஏற்படச் செய்தார். தம்மை அனுப்பிய இடத்துக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார், அஃபிடவிட் எதுவும் கேட்காமல்!

இதையெல்லாம் யோசித்து எனக்குச் சற்றுத் தெம்பு வந்தது. வாய்ப்புகளைத் தேடத் தொடங்கினேன். நூலக இயலில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தேடிப் பார்க்காதவர்கள் என்பது என் கருத்து. 'நெட்' தேர்வில் நம் பாடமும் உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் ஏற்பட்ட விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். பெங்களூரில் ரங்கநாதன் 1962இல் தொடங்கிய டி.ஆர்.டி.சி. இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த அந்த நிலையம், நுழைவுத் தேர்வில் வென்றவர்களைக் கல்விக் கட்டணம் இன்றி, மாத உதவித் தொகையும் கொடுத்துப் படிக்கவைக்கிறது. நம் ஜூனியர்களில் கணக்குக்கு அஞ்சாதவர்கள் அதைக் கவனிக்கலாம். மகாநாடுகள் என்றால் 1933இல் பிறந்த இந்திய நூலகச் சங்கம், 1955இல் பிறந்த இயாஸ்லிக், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட், தில்லியில் உள்ள டெல்நெட் ஆகியவை நடத்துபவை உண்டு. சர்வதேச நூலகச் சம்மேளனமான இஃப்லாவே 1992ஆம் ஆண்டு தன் மகாநாட்டைப் புது தில்லியில் கூட்டியது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையைப் படிக்காமலே இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டு, உடனே பணம் கட்டச் சொல்லும் மகாநாடுகளும் இருக்கின்றன. அவற்றில் கிடைப்பது ஒரு சான்றிதழ்தான். அந்தப் பணத்துக்கு ஊருக்குப் போய் வரலாம்.

ஐப்பசியில் தென்னாட்டில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு என் கட்டுரையைத் திருத்தி அனுப்பினேன். மாணவர் கட்டணம் குறைவு. தங்க இடம் அவர்களே தந்தார்கள். ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு என் கையிலேயே காசு இருந்தது. முன்பு பட்ட பாடு நினைவில் இருந்ததால் இம்முறை எல்லாத் தாள்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதினேன்.

எனக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். நாக்கு உலர்ந்து, இரண்டு பக்கத்தைத் தாண்டி, எப்படியோ முடித்தேன். கேள்வி நேரத்தில் மிசோரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் நூலகர் எழுந்தார். "எங்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. பெயர் 'ஆ' என்று முடிந்தால் ஆண், 'ஈ' என்று முடிந்தால் பெண், அவ்வளவுதான். எங்களை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். தேநீர் இடைவேளையில் அவர் என்னைத் தேடி வந்து, தங்கள் நூலகத்தில் கைப்பட எழுதிவைத்திருக்கும் பெயர் விதிகளை ஒரு தாளில் வரைந்து காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். என் ஆய்வேட்டில் மிசோப் பெயர்களுக்கு இப்போது ஓர் அத்தியாயம் உண்டு. காசியில் நூறு புத்தகம் புரட்டியிருந்தாலும் அந்த அம்மையாரை நான் சந்தித்திருக்கமாட்டேன்.

கருத்தரங்கக் கட்டுரைகள் புத்தகமாக வந்து சேர்ந்தபோது ஆவலோடு பின்பக்கத்து ஆசிரியர் அகரவரிசையைத் திறந்தேன். 'செ'யில் தேடினேன், இல்லை. பிறகு சந்தேகப்பட்டுப் 'ப'வில் பார்த்தேன். 'பழனிச்சாமி, எஸ்.' என்று இருந்தது. அச்சிட்டவர்கள் நூலகர்கள்!

அப்பாவிடம் சொன்னேன். தமக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார், தபாலில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"புஸ்தகம் வந்துச்சு கண்ணு. உள்ள ஒண்ணும் விளங்கல. ஆனா எம் பேரைச் சரியாத்தான் போட்டிருக்கிறாங்க."