மாமாவின் கனிஃபும் மகன் வாங்கிய கத்தியும்

என் மேசை இழுப்பறையில் இரண்டு மடக்குக் கத்திகள் இருந்தன. போன மாதம் ஒன்றை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைக் கொடுக்கும்போது ஓர் உண்மையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கதைதான் இது.

முதல் கத்தி 1962-ல் என் கைக்கு வந்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருஷம். நான் செர்த்திஃபிகா பரீட்சை தேறியதற்காக, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து திரும்பிய என் தாய்மாமன் கொடுத்தார். ஒப்பினேல், எட்டாம் நம்பர். மரப்பிடி, கழுத்தில் சுழலும் பூட்டு வளையம், அலகில் கிரீடம் வைத்த கை முத்திரை. பள்ளியில் படித்த பழக்கத்தில் இன்றும் எனக்கு அது ‘கனிஃப்’தான்.

அது சாதாரணக் கார்பன் எஃகு. மாங்காய் நறுக்கினால் கறுக்கும். நம் ஊர் உப்புக் காற்றில் இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் துரு பூக்கும். “டேய், வேலை முடிஞ்சா துடை, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவு” என்பார் மாமா. கிணற்றடித் தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்து, எத்தனை சாய்வில் பிடிக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். பத்து இழுப்பு இந்தப் பக்கம், பத்து இழுப்பு அந்தப் பக்கம். கூர் வந்துவிடும்.

பிறகு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் என் துணை. பென்சில் சீவ, கோப்புக் கட்டின் நாடா அறுக்க, அரக்கு முத்திரை பெயர்க்க எல்லாவற்றுக்கும் அதுவே. தீட்டித் தீட்டி அலகு பாதி அகலமாகத் தேய்ந்து போனது.

மூன்று வருஷத்துக்கு முன் லியோனிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்டான். “அப்பா, இப்ப புதுசு புதுசா எஃகு வந்திருக்கு. எது வேணும்னு பார்த்துச் சொல்லுங்க, ஊருக்கு வரும்போது பெட்டியில போட்டு எடுத்துட்டு வரேன்.”

பத்து நாள் உட்கார்ந்து படித்தேன். எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்கிறார்கள். நம் சமையலறைக் கத்திகள் 55, 56 இருக்கும். 60-ஐத் தாண்டினால் நல்ல கடினம். ஆனால் அந்த எண் மட்டும் கதையைச் சொல்லிவிடாது. எஃகுக்குள் கார்பைடு என்று நுண்ணிய மணிகள் இருக்கின்றன. அவை எவ்வளவு கெட்டியோ, எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அலகு தேயாமல் நிற்கும். நான் பார்த்ததில் என்னை மயக்கியது எஸ்-90-வி என்ற எஃகு. அதில் வனேடியம் மட்டுமே நூற்றுக்கு 9 பங்கு. உருக்கிய எஃகைத் தூளாகத் தெளித்து, பிறகு சூட்டோடு அழுத்திச் சேர்த்துச் செய்வது. “இதுவே வாங்கு” என்றேன்.

ஏன் அதைக் கேட்டேன் என்று அவனிடம் சொல்லவில்லை. என் வலது கை அதற்கு ஒரு வருஷம் முன்பே நடுங்கத் தொடங்கியிருந்தது. தீட்டவே தேவையில்லாத கத்தி ஒன்று கிடைத்தால், என் காலம் வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் ஓட்டியும் விட்டேன். அட்டைப்பெட்டி, சணல் கயிறு, பழம், எதற்கும் சளைக்கவில்லை. ஒருநாள் பிஸ்கட் டின் மூடியை அதன் முனையால் நெம்பினேன். மாமா கத்தியால் ஆயிரம் முறை செய்த வேலை. இதில் வாய் ஓரத்தில் அரிசிக் குருணை அளவு சில்லு தெறித்துவிட்டது. தேயாத எஃகுக்கு வளைந்து கொடுக்கும் குணம் குறைவு என்று நானே படித்திருந்தேன். கைப் பழக்கம் கேட்டால்தானே!

சரி, தீட்டிவிடலாம் என்று பழைய கல்லை எடுத்தேன். அரை மணி நேரமாகியும் பிடிக்கவில்லை. தெருவில் வந்த சாணைக்காரரிடம் காட்டினேன். பொறி பறந்ததே தவிர, வாய் சரியாகவில்லை. காரணம் எளிது. சாதாரணச் சாணைக்கல் பெரும்பாலும் குருந்தம்தான். வனேடியம் கார்பைடு அந்தக் குருந்தத்தை விடக் கெட்டி. அதைச் சரியாக அறுக்க வைரத்தூள் பதித்த தகடு வேண்டும்.

வைரத் தகடும் வரவழைத்தேன். அது பிடித்தது. ஆனால் அந்தச் சில்லு போக, ஒரே சாய்வில் நூற்றுக்கணக்கான இழுப்பு இழுக்க வேண்டும். இருபதுக்குள் என் கை ஆடிவிட்டது. சாய்வு மாறி, அலகின் பக்கமெல்லாம் கீறல்தான் விழுந்தது.

அப்போதுதான் என் கணக்கில் இருந்த தப்பு தெரிந்தது. தேயாத எஃகு வேலையை நமக்கு மிச்சப்படுத்துவதில்லை, தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்டதெல்லாம் சேர்ந்து ஒருநாள் வரும்போது, கை இன்னும் தளர்ந்திருக்கிறது. மாமாவின் கத்தி அடிக்கடி மழுங்கும், ஆனால் பத்து இழுப்புதான் கேட்கும். பத்து இழுப்பு இன்றும் என்னால் முடியும்.

அந்த எஃகைக் குறை சொல்லவில்லை. நாள் முழுக்கப் பெட்டியும் கயிறும் அறுக்கிறவருக்கு, வைரத் தகடும் நிதானமான கையும் உள்ளவருக்கு அது தங்கம். மழுங்கும் வரை விடாமல் அவ்வப்போது இரண்டு இழுப்பு இழுத்து வைத்தால் போதும். நான் அதையும் செய்யவில்லை.

போன மாதம் மகன் வந்தபோது கத்தியை நீட்டினேன். “ஏம்பா, பிடிக்கலையா?” என்றான். கையை நீட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான். “எப்பலேருந்து?” என்று மட்டும் கேட்டான். மறுநாள் என்னை டாக்டரிடம் அழைத்துப் போனான். வயதோடு வருகிற நடுக்கம்தான், மாத்திரை இருக்கிறது என்றார் அவர்.

ஊருக்குப் போகுமுன் சில்லு தெறித்த இடத்தை ஒரு முழுச் சாயங்காலம் உட்கார்ந்து தேய்த்துச் சரி செய்தான். சாய்வை மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன். மாமாவின் கனிஃப் இப்போது இழுப்பறையில் தனியாக இருக்கிறது. இன்று காலை அதில்தான் கொய்யா நறுக்கினேன். மறக்காமல் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தேன்.