இரண்டாம் நொதிக்கும் ஒரு குவெட்

சர்க்கரை மூலக்கூறின் ஒரு முனை ஆக்சிஜனேற்றமடைந்து அமிலமாகும்போது கிடைப்பது சர்க்கரை அமிலம். குளுக்கோஸிலிருந்து அவ்வாறு பிறக்கும் 6-பாஸ்போகுளுக்கோனேட்டின் மூன்றாம் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து என்.ஏ.டி.பி. என்னும் துணைநொதியிடம் சேர்த்து, அடுத்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி, ஐந்து கார்பன் கொண்ட ரிபுலோஸ் 5-பாஸ்பேட்டை உண்டாக்கும் நொதியே 6-பாஸ்போகுளுக்கோனேட் டிஹைட்ரஜனேஸ். உலோக அயனி எதன் துணையுமின்றி இத்தனை வேலையையும் முடிக்கும் இந்நொதி, இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இன்று வெறும் இடையூறாகவே கருதப்படுவது அதைக் கையால் அளந்து பழகியவர்களுக்கு வருத்தமளிப்பதாகும்.

இடையூறு என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. சிவப்பணுக்களை உடைத்தெடுத்த கரைசலில் ஜி6பிடி (குளுக்கோஸ் 6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ்) எனப்படும், இதற்கு முந்தைய படியின் முதல் நொதியை அளக்க முற்பட்டால், அதன் விளைபொருளான லாக்டோன் நீராற்பகுப்படைந்து 6-பாஸ்போகுளுக்கோனேட்டாக மாற, அங்கேயே காத்திருக்கும் இரண்டாம் நொதி அதைப் பற்றிக்கொண்டு இன்னொரு என்.ஏ.டி.பி.எச். மூலக்கூறை உண்டாக்கிவிடுகிறது. 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அந்த என்.ஏ.டி.பி.எச்.சின் அளவைக் கணக்கிட உதவும் 6.22 என்னும் எண்ணை ஹோரெக்கரும் கோர்ன்பெர்க்கும் 1948இல் அறிவித்தனர். ஆனால் எந்த மூலக்கூறு எந்த நொதியிலிருந்து வந்தது என்பதை எந்த எண்ணாலும் சொல்ல முடியாது. முதல் நொதியின் தளப்பொருளை மட்டும் இட்ட குவெட்டில், அதாவது ஒளி அளக்கும் சிறு கலத்தில், நேரத்துக்கேற்ப உறிஞ்சுதலைக் காட்டும் கோடு நேராக எழாது. 6-பாஸ்போகுளுக்கோனேட் சேரச் சேர நிமிடத்துக்கு நிமிடம் செங்குத்தாகிக்கொண்டே போகும்.

தேர்ந்த கைகள் இதற்கு வைத்திருந்த தீர்வு எளிமையானது, ஆனால் பொறுமையைக் கேட்பது. ஒரு குவெட்டில் இரண்டு தளப்பொருள்களையும், மற்றொன்றில் 6-பாஸ்போகுளுக்கோனேட்டை மட்டும் இட்டு, வெப்பநிலை சீரானபின் கடைசியாகத் தளப்பொருளைச் சேர்த்து, குமிழி எழாமல் கவிழ்த்துக் கலக்கி, கண்ணாடிச் சுவரில் விரல் ரேகை படியாமல் துடைத்து வைத்து, முதல் கோட்டின் சரிவிலிருந்து இரண்டாவதன் சரிவைக் கழிப்பார்கள். ஒரே அமர்வில் இரு நொதிகளுக்கும் தனித்தனி மதிப்பு கிடைத்துவிடும். இத்தகைய நேர்த்தியை வேறெந்தக் குறுக்குவழியும் தருவதில்லை.

இப்போது மாலிமைடு என்னும் வேதிப்பொருளைச் சேர்த்து இரண்டாம் நொதியை முடக்கும் ஆயத்தத் தொகுப்புகள் வந்துவிட்டன. காரக் கரைசலில் மாலிமைடு மெல்லச் சிதையும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைக் கையாள்வோர் குறைந்து வருகின்றனர். வளைந்த கோட்டின் மீதும் கணினி நேர்கோடு வரைந்து ஓர் எண்ணைத் தந்துவிடுவதால், கோட்டைக் கண்ணால் பார்க்கும் வழக்கமே அற்றுப்போகிறது. மலேரியாவுக்கான டாஃபெனோகுயினை, ஜி6பிடி செயல்பாடு இயல்பில் 70 சதவீதத்துக்கு மேல் உள்ளவருக்கே கொடுக்கலாம் என்னும்போது, அந்த எண்ணின் மேல் நிற்பது ஒருவரின் சிவப்பணுக்கள். ஆகவே முடிவில் கையெழுத்திடுபவர்கள், புதிய தொகுப்பு ஒன்றைத் திறக்கும்போதேனும், இரண்டாம் குவெட்டை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.