ஒரு ஜோடி குட்டி சாக்ஸ்

தரங்கம்பாடி. டேனிஷ்காரங்க 1620-ல கட்ட ஆரம்பிச்ச கோட்டை முதுகுக்குப் பின்னாடி, கடல் முன்னாடி.
ரெண்டு வருஷம் கழிச்சு குடும்பத்தோட மூணு நாள் லீவு.

கையில குரோஷே ஊசி.

"திங்கட்கிழமை வரைக்கும் ஆர்டர் எடுக்கல"ன்னு இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டுத்தான் கிளம்பினேன்.
நேத்து ராத்திரி ஒரு மெசேஜ்.
"அக்கா, பாப்பா எட்டாம் மாசமே பிறந்துட்டா. கடையில எந்த சாக்ஸும் கால்ல நிக்கல. நீங்க போட்டுத் தருவீங்களா?"

எப்படிங்க முடியாதுன்னு சொல்றது?

பாத அளவு கேட்டேன். என் கட்டைவிரல் நீளம்தான்.
நான் வழக்கமா போடற அளவெல்லாம் அதுக்குப் பெருசு. மூணு தடவை பிரிச்சுட்டேன்.
உப்புக்காத்துல நூல் பிசுபிசுன்னு விரல்ல ஒட்டுது.
கண்ணிக்கு நடுவுல ஒரு மணல் மாட்டினாலும் அந்தப் பிஞ்சுத் தோல்ல உறுத்துமே... ஊதி ஊதி எடுக்கறேன். வீட்டுக்குப் போனதும் வெந்நீர்ல அலசி, நல்லா காய வச்சுத்தான் அனுப்பணும்.

"அம்மா, பெரிய அலை வருது, வாம்மா!"
எம்பொண்ணு கூப்பிடறது இது நாலாவது தடவை.
அவளோட மூணு நாள்ல இருந்துதான் இந்த சாக்ஸுக்கு நேரம் எடுக்கறேன். அது மனசை அறுக்குது.

ஒரு கால் முடிஞ்சுது. ஊசியைப் பையில வச்சுட்டு அலைக்குப் போறேன். இன்னொரு கால் அவ தூங்கினப்புறம்.

வீட்டுல இருந்தே தொழில் பண்ற தோழிகளே, லீவுல வர்ற இந்த மாதிரி மெசேஜுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?