துணியில் தெரிந்த தாராவி

மாதுங்காவிலிருந்து நடந்தே தாராவிக்குப் போய்விடலாம். செம்பூரும் அதிக தூரமில்லை. இருந்தும் மும்பைத் தமிழர்களிலேயே பலருக்குத் தாராவி என்பது தாண்டிப் போகிற இடம்தான். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்களின் வாரிசுகளும், கும்பர்வாடாவின் குஜராத்திக் குயவர்களும், இன்னும் எத்தனையோ பேரும் நெருக்கியடித்து வாழும் அந்தச் சந்துகளுக்குள் 2015 பிப்ரவரியில் ஒரு கலைவிழா தொடங்கியது. பெயர், 'ஆலி கல்லி பினாலே'. கல்லி என்றால் சந்து.

நடத்தியது ஸ்நேஹா அமைப்பு. சயான் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் தொடங்கியது அது. பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் உதவியது. ஆரோக்கியம் பற்றி மக்களுக்குப் போதிப்பதற்குப் பதிலாக, அவர்களையே கலைஞர்களோடு உட்காரவைத்து, மண்ணிலும் துணியிலும் கழிவுப் பொருளிலும் பேசவிட்டார்கள்.

விழாவுக்கு முன்பே இதே அமைப்பு வேறொரு முயற்சியில் இறங்கியிருந்தது. 'சங்கினி' என்றழைக்கப்படும் உள்ளூர்ப் பெண் தொண்டர்களின் கையில் ஸ்மார்ட்போன். எந்த வீட்டிலாவது பெண் அடிபட்டால் அதில் பதிவு செய்வார்கள். ஆலோசகர்கள் உதவிக்கு வருவார்கள். வேகத்துக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் அந்தப் பதிவு ரகசியமானது. ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். வெளியே கசிந்தால் அடிபட்டவளுக்கு மறுபடியும் அடி விழும்.

அப்படியானால் ஊர் எப்படித் தெரிந்துகொள்ளும்? விழாவில் ஒரு பதில் இருந்தது. துணியில் தாராவியின் வரைபடம். வீட்டு வன்முறை நடந்த இடங்களைப் பெண்கள் அதில் குறித்திருந்தார்கள். 'மேப்பிங் த ஹர்ட்' என்று பெயர். அடையாளம் காட்டாமலே வலியைக் காட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. புள்ளிவிவரத்தை மறந்துவிடலாம். தான் தினமும் நடக்கும் தெரு அதில் இருந்தால், அவ்வளவு சுலபமாக மறக்க முடியாது.

இந்தப் பாடம் இன்று இன்னும் அவசியமாகிறது. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. விரும்புகிறவர்களுக்கு 14 இலக்க எண். நோய் விவரங்களை அதனுடன் இணைக்கலாம். சம்மதம் இல்லாமல் யாருக்கும் தரக்கூடாது என்பது விதி. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென 2023இல் சட்டமும் நிறைவேறியது. எல்லாம் சரி. ஆனால் ஆஸ்பத்திரிக் கவுண்டரில், பின்னால் வரிசை முண்டியடிக்க, போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லும் பெண்ணுக்குத் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியுமா?

தெரியவைப்பது கம்ப்யூட்டரின் வேலை இல்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய பாஷையில், அவசரமில்லாமல் சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்று அவள் சொன்னாலும் வைத்தியம் நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையில் ஊசியும் நூலும் கொடுத்துவிட்டுத் தாராவியில் செய்ததும் ஏறக்குறைய அதுதான்: முதலில் கேட்டார்கள், பிறகுதான் குறித்தார்கள்.